மாரப்பன் சாரின் கடைசி அத்தியாயம்

கண்ணு,

சார் பாதியில் விட்டுப்போன நாவலை நீ எழுதி முடிக்கலாமா என்று, பக்கங்களை அனுப்பிவிட்டு, போனில் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்கவெல்லாம் இல்லை, பதில் எனக்கு அப்போதே தெரியும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், உன் அப்பா நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் "சரிங்க, சரிங்க" போடுவார். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, எழுதப் படித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி அதுதான். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளலாம். மாரப்பன் சாரிடம் எழுதப் பழகியவர்கள் கோயம்புத்தூர் முழுக்க இருக்கிறோம். அதில் பாதிப் பேர் உன்னை எழுதச் சொல்லித் தூண்டிவிடுகிறார்கள், மீதிப் பேர் தங்களைக் கேட்கவில்லையே என்று முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எழுத வேண்டாம்.

சொல்லிவிட்டேன். இனி ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. உனக்குத் தெரிந்த சார் ரிட்டயர்டான சார். வடவள்ளி வீட்டு மாடியில் பாய் விரித்து, சனிக்கிழமை தோறும் உங்களையெல்லாம் உட்காரவைத்துக் கதை கேட்டவர். நீ காலேஜ் படித்த காலம் முழுக்க அந்த மாடியே கதியென்று கிடந்தாய். எனக்குத் தெரிந்த சார் கல்லூரியில் தமிழ் நடத்தியவர். அப்போதே அவருடைய நாவல்கள் லைப்ரரியில் கை மாறி மாறி அட்டை கிழிந்து கிடக்கும். சனிக்கிழமை மத்தியானம் காலேஜ் காலியானதும் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுத ஆசையிருக்கிறவர்கள் வரலாம் என்று போர்டில் எழுதிப்போட்டார். நானும் போனேன். கருமத்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒரு தறிக்காரர் வீட்டுப் பையனும் வந்தார். அவர் கதை எழுதத்தான் வந்தார் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உன் அப்பாவின் திறமை அப்படி.

சார் யாருடைய பேப்பரையும் கையில் வாங்கிப் படிக்க மாட்டார். எழுதியவர்தான் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வேகவைத்த நிலக்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டே கேட்பார். நாங்கள் வாசிப்பவரைப் பார்க்க மாட்டோம், சாரின் கையைத்தான் பார்ப்போம். கடலையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டால் கதை பிழைத்தது. கடைசிவரை உரித்துக்கொண்டே இருந்தால், முடிந்ததும் மெதுவாகத் திரும்பி, "நல்லாத்தானுங்க இருக்குது" என்பார். அவ்வளவுதான், பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவோம். பதினேழு வயசுப் பிள்ளைக்கும் 'ங்க' போட்டுப் பேசுகிற மனுஷன், மோசம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கடலைதான் சொல்லும். "இன்னிக்குக் கடலை நின்னுச்சா?" என்பதுதான் எங்களுக்குள் கேள்வி. எனக்குப் பலமுறை நின்றிருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன், போ.

அப்படிப்பட்டவள் ஏன் எழுத்தாளர் ஆகவில்லை என்று நீ சின்ன வயதில் பாவமாகக் கேட்பாய். இப்போதும் உன் பேச்சில் அந்தப் பாவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் கதைத் தொகுப்பை எனக்கு சமர்ப்பணம் செய்து 'எழுதாமல் போன அம்மாவுக்கு' என்று போட்டாயே, அன்றைக்கே உன் காதைத் திருகியிருக்க வேண்டும். நான் எதையும் இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. சிங்காநல்லூரில் உன் அப்பாவோடு சேர்ந்து மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்தேன், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றினேன், ஆள் வைத்து வேலை வாங்கினேன், நீ படித்தாய். படிப்பது எனக்குப் பிடித்தது, படித்துக்கொண்டே இருக்கிறேன். எதில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தாரே, அந்தப் படிப்பு கடையிலும் உதவியது, பெண் பார்க்க உன்னோடு வந்த இடங்களிலும் உதவியது. நீயே ஒருத்தியைப் பார்த்து முடித்துக்கொண்டது வேறு விஷயம்.

அந்தப் படிப்பை வைத்துத்தான் நீ அனுப்பிய பக்கங்களையும் பார்த்தேன். சாரின் காரியத்தன்று ருக்குமணி அக்கா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு உட்டுப்போட்டுப் போனதை நீ முடிச்சுக் குடு சாமி" என்று கேட்டதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். புருஷனைப் பறிகொடுத்து நிற்கிறவர் கேட்டால் யாருக்குத்தான் இல்லை என்று சொல்ல வாய் வரும்? நீ தலையாட்டினாய், தப்பில்லை. ஆனால் பெங்களூருக்குப் போய் இறங்கிய சூட்டோடு முழு அத்தியாயத்தையும் எழுதி எனக்கு அனுப்பி, "சார் நடையை அப்படியே புடிச்சுட்டேம்மா" என்றாய் பார், அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. சரி, சாரின் வழியிலேயே சோதித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைத் திரும்பி உட்காரவைத்து, மடியில் ஒரு பொட்டலம் கடலையைக் கொடுத்துவிட்டு நான் சத்தமாக வாசித்தேன். பொட்டலம் காலி. நான் முடிப்பதற்கு முன்பே காலி. தொலியைக் கூட்டி வாரிக்கொண்டே அப்பா, "நல்லாத்தானுங்க எழுதியிருக்கான் பையன்" என்றார். கட்டிய பெண்டாட்டியையும் இன்றுவரை 'ங்க' போட்டே கூப்பிடுகிற மனுஷன், பெற்ற பிள்ளையைக் குறை சொல்ல அவருக்கு எப்படி மனசு வரும்? ஆனால் கடலை சொல்லியாயிற்று.

அதற்கப்புறம் இன்னொரு பொட்டலம் பிரித்துக் கொடுத்து, சார் எழுதிய கடைசிப் பக்கத்தை வாசித்தேன். உனக்குத்தான் அது மனப்பாடமாக இருக்குமே. வால்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் தனியாக இருக்கிற அந்த அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன மகன் என்றைக்காவது வருவான் என்று நாவல் முழுக்க ஒரு வார்த்தைகூட வாய்விட்டுச் சொல்வதில்லை. தேயிலை பறிக்கிறாள், சண்டை போடுகிறாள், தன்பாட்டுக்கு இருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் மழை பெய்கிறது. மலைப்பாதையில் கடைசி பஸ் வளைவு திரும்பும்போது அடிக்கிற ஹாரன் கேட்கிறது. உலை கொதித்துக்கொண்டிருக்கிறது. அவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டு இன்னொரு பிடி அள்ளி உலையில் போடுகிறாள். சார் அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்தார், மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. நான் அந்த வரியை வாசித்து முடித்தபோது உன் அப்பாவின் கையில் உரித்த கடலை ஒன்று அப்படியே இருந்தது. வாய்க்குப் போகவே இல்லை.

நீ என்ன செய்திருக்கிறாய்? பஸ்ஸை நிறுத்தி, மகனை இறக்கி, மழையில் நனையவைத்து, அம்மாவின் காலில் விழவைத்து, அழவைத்து, சாப்பிடவைத்து, அதற்கும் மேலே அவன் ஏன் ஓடிப்போனான் என்று ஒரு பக்கம் விளக்கமும் சொல்லவைத்திருக்கிறாய். சாரின் வார்த்தைகள்தான், சாரின் வாக்கிய அமைப்புதான், அச்சு அசல் அவரேதான். ஆனால் சார் அந்த அம்மாவை நம்பினார், நீ நம்பவில்லை. சார் உயிரோடு இருந்திருந்தால் அதற்கு மேலும் எழுதியிருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி பேசுகிறவர்கள் படத்திறப்பு மேடையில் நிறையப் பேர் இருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஒரு பிடி அரிசிக்கு மேல் அந்தக் கதைக்கு எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான். சுற்றி முடித்து ஓடுகிற மோட்டாரை யாரும் பிரிக்க மாட்டார்கள். அப்படியே அச்சுக்குக் கொடு, கீழே 'முற்றும்' என்றுகூடப் போடாதே.

முடிவைப் பற்றி சார் எங்களுக்குச் சொன்னது ஒன்று உண்டு. அது வந்த கதையைச் சொன்னால் உன் அப்பாவின் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. எங்கள் சனிக்கிழமை வகுப்பில் சாந்தி என்று ஒரு பெண் இருந்தாள், சூலூர்க்காரி. அவளுடைய அப்பா திடீரென்று போய்விட்டார். சார் எங்கள் எல்லோரையும் டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்கப் போனார். போனோம், உட்கார்ந்தோம், என்ன பேசுவதென்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சார் கண்ணைக் காட்டியதும் எழுந்தோம். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் வருகிறேன் என்று சொல்வதில்லை, சத்தமில்லாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். எழவு மறுபடி வருமாம், அதனால். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். உன் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவருடைய மரியாதை அவரை விட வேகமானது. கண்டக்டரிடம் "வாரேனுங்க" சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸை விட்டு இறங்குவார், பல் பிடுங்கிய டாக்டரிடமும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சாந்தியின் அம்மாவைப் பார்த்து, கணீரென்று, "போய்ட்டு வாரேனுங்கம்மா" என்றார்.

கூடியிருந்த சனம் அப்படியே உறைந்துபோயிற்று. ஒரு பெரியவர் "ஏப்பா!" என்று பல்லைக் கடித்தார். உன் அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அதுவரை யாரிடமும் வாய் திறக்காத சாந்தியின் அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். "வா கண்ணு" என்றார். "நீயாவது வாரேன்னு சொன்னியே."

அடுத்த சனிக்கிழமை சார் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் முதலில் இதைத்தான் பேசினார். உன் அப்பாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது இது: "கதையை விட்டுக் கிளம்பறதும் எழவு ஊட்டுல இருந்து கிளம்பற மாதிரிதானுங்க. ஆறுதல் சொல்லிக்கிட்டு, வாரேன் போறேன்னு கையைப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்காதீங்க. எந்திரிச்சுச் சத்தமில்லாம நடந்துருங்க. உள்ள இருக்கறவங்க அவங்க துக்கத்தை அவங்க பாத்துக்குவாங்க." அன்றிலிருந்து எங்கள் கதைகளின் கடைசிப் பத்திகளெல்லாம் காணாமல் போயின. உன் அப்பா மட்டும் கதை எழுதுவதையே விட்டுவிட்டார். நஷ்டமொன்றும் இல்லை, அவருக்குக் கடலை நின்றதே கிடையாது.

ஆனால் அவர் வேறொன்று செய்தார், அது அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி சூலூருக்குப் போய் சாந்தியின் அம்மா வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். ஏன் போனீர்கள் என்று பின்னால் கேட்டதற்கு, "சொல்லிப்போட்டேனே, போகாட்டிப் பொய்யாயிருமில்லீங்க" என்றார். போனவருக்கு அந்த அம்மா சோறு போட்டார். கிளம்பும்போது மறுபடியும் வாரேனுங்க என்று சொல்லித் தொலைத்ததால் மறுபடியும் போக வேண்டியதாயிற்று. சாந்தி கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் போனார், நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உனக்கு சூலூர் ஆயா என்று ஒரு பாட்டி இருந்தாரே, நீ தவழும்போது உன் இடுப்பில் மணி கட்டிவிட்டு, எங்கே போனாலும் சத்தம் கேட்கிறது என்று சிரிப்பாரே, அவர்தான் இவர். நமக்கு எந்த வழியில் சொந்தம் என்று நீ கேட்டதே இல்லை. உன் அப்பா வாய் தவறிச் சேர்த்த சொந்தம் அது.

இதை நான் பல வருஷம் கழித்து சாரிடம் சொன்னேன். நீ அப்போது மாடியில் வாசித்துக்கொண்டிருந்த வயசு, வகுப்பு முடிந்து உன்னைக் கூட்டிப்போக வந்தவள் கீழே நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சார் கேட்டுக்கொண்டே இருந்தார், அவர் கையிலிருந்த கடலை நின்றுவிட்டது. "அப்ப நான் சொல்லிக்குடுத்தது கதைக்குத்தானுங்க சரி. ஊட்டுக்குச் சரிப்படாதுங்க" என்றார். அத்தனை புத்தகம் எழுதிய மனுஷன், ஒரு ரீவைண்டிங் கடைக்காரியிடம், தான் சொன்னது பாதிதான் என்று அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார். மேடையில் அவரை இமயம் என்றார்கள், சிகரம் என்றார்கள். எனக்கு இந்த ஒரு வாக்கியம் போதும், நான் அவரை நினைத்துக்கொள்வது இதை வைத்துத்தான்.

இப்போது உனக்கு வருகிறேன். கடைசி ஒரு வருஷம் நீ வடவள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேலை, குழந்தை, பெங்களூர் டிராபிக், எல்லாம் எனக்குத் தெரியும், நான் குற்றம் சொல்ல வரவில்லை. சாரும் சொல்லவில்லை, "பையன் எழுதறானுங்களா?" என்று மட்டும் கேட்பார். ஆனால் நீயே உன்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். சாரை எடுத்துப்போன அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன், பெற்றவளுக்குத் தெரியாதா? அந்தக் குறையை இந்த அத்தியாயத்தை எழுதி அடைத்துவிடலாம் என்று பார்க்கிறாய். ஓடிப்போன மகனை அத்தனை அவசரமாக பஸ்ஸிலிருந்து இறக்கி அம்மா காலில் விழவைத்தது அதனால்தான். அது அந்த எஸ்டேட்டுப் பையன் இல்லை கண்ணு, நீ. அழுகிறதாக இருந்தால் உன் பெயரில், உன் கதையில் அழு. சாரின் கதைக்குள் போய் அழாதே.

அக்காவிடம் எப்படி இல்லை என்று சொல்வது என்று நீ கேட்பாய். அதை நானே சொல்லிவிட்டேன். கோபப்படாதே, முழுக்கக் கேள். போன சனிக்கிழமை கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு வடவள்ளிக்குப் போனேன். கேட்டைத் திறக்கும்போதே கடலை வேகிற வாசனை வந்தது. அக்கா அடுப்படியில் நின்றிருந்தார். "சனிக்கிழமைன்னா கை தானா ஏத்தி வெச்சிருது கண்ணு, தின்னத்தான் ஆளில்லை" என்றார். ஒரு சட்டி நிறையக் கடலை. மாடிக்கு யாரும் ஏறிப்போகாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அழுகை வந்துவிட்டது, அழுதுவிட்டேன். அவர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அப்புறம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அக்கா, பையன் எழுத வேண்டாங்க்கா. சார் நிறுத்துன எடத்துலயே அது முடிஞ்சுதான் இருக்குது. அதுக்கு மேல ஆரு எழுதுனாலும் ஒட்டாதுங்க." அக்கா வருத்தப்படுவார், சண்டைகூடப் போடுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் தொலியைக் கிள்ளிக்கொண்டே, "அது எனக்கும் தெரியும் அம்மணி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா கேட்டீங்க?" என்றேன்.

"அவரு எழுதறதையெல்லாம் மொதல்ல கேட்டவ நானு. முடிஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "எழுதறதுன்னா இங்க வந்து, மாடியில அவரு மேசையில ஒக்காந்துதான எழுதோணும்? நாலு சனிக்கிழமை பையன் வருவான்ல. எல்லாரும் வந்தாங்க, அழுதாங்க, சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போய்ட்டாங்க. மொறை அதுதான், நான் தப்புச் சொல்லலை. ஆனா ஒருத்தரும் வாரேன்னு சொல்லலையே கண்ணு."

நீ எழுதி முடித்து பெங்களூரிலிருந்து அனுப்பியே விட்டாய் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். இன்னும் துக்க வீடுதான், முறை எனக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நின்று, உன் அப்பா மாதிரியே கணீரென்று, "போய்ட்டு வாரேனுங்க்கா" என்றேன். பக்கத்து வீட்டம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார், பார்க்கட்டும். அக்கா கேட் வரைக்கும் வந்தார். அடுத்த சனிக்கிழமை நானும் அப்பாவும் போகிறோம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை உன்னுடையது. காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நம் வீட்டுக்கு வராதே, நேராக வடவள்ளிக்குப் போ. போகும்போது உன்னுடையது, உன்னுடையதே ஆன ஒரு கதையை எடுத்துக்கொண்டு போ. சட்டி நிறையக் கடலை இருக்கும். அக்காவை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுச் சத்தமாக வாசி. கை நின்றாலும் சரி, சட்டி காலியானாலும் சரி, இருந்து சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு.